சித்திரபானு வருஷத்துப் பிள்ளைகள்

எங்கள் வீட்டு ஜாதக நோட்டில் சித்திரபானு என்ற வருஷப் பெயர் இரண்டு இடத்தில் வருகிறது. முன்பக்கத்தில் ஒன்று, கடைசிப் பக்கங்களில் ஒன்று. இரண்டிலும் ஆங்கில வருஷம் இல்லை. வருஷம், மாசம், தேதி, நட்சத்திரம், ராசிக் கட்டம், அவ்வளவுதான். அறுபது ஆண்டுக்கொரு முறை அதே பெயர் திரும்பி வரும் கணக்கு நம்முடையது. தாளின் பழுப்பையும் மையின் நிறத்தையும் வைத்துத்தான் எது முந்தியது என்று சொல்ல வேண்டும். முன்பக்கத்துச் சித்திரபானு 1882. என் கொள்ளுத்தாத்தாவின் தம்பி அந்த ஆவணியில் பிறந்தார். தாது வருஷப் பஞ்சம் முடிந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. பின்பக்கத்தது 1943 ஜனவரி, சித்திரபானுவின் தை மாசம். அது என் பெரியப்பா.

நோட்டில் பிறப்பு மட்டுமே உண்டு. இறப்பை யாரும் எழுதிவைப்பதில்லை. அது திதியாக வீட்டு ஞாபகத்தில் இருக்கும், வருஷத்துக்கு ஒரு முறை எள்ளும் தண்ணீருமாக வெளியே வரும். திதி கொடுக்கப் பிள்ளை இல்லாதவரின் சாவு எங்கேயும் தங்குவதில்லை. கொள்ளுத்தாத்தாவின் தம்பி கல்யாணம் ஆகாமல் இருபத்தாறு வயதில் போனவர். என்ன வியாதி என்று கேட்டால் பாட்டி குரலைத் தாழ்த்திக்கொண்டு "எலும்புருக்கி" என்பாள். கொல்லைப்புறத்துச் சாய்ப்பில் தனிப்பாய், தனித்தட்டு, தனிச் செம்பு. அவர் போன பிறகு அந்தச் செம்பைக்கூட உருக்கக் கொடுக்காமல் குழிதோண்டிப் புதைத்தார்களாம். பாட்டி அதைப் பார்த்தவள் இல்லை. தன் மாமியார் சொல்லக் கேட்டவள். ஒரு செம்பு புதைக்கப்பட்ட செய்தி மூன்று தலைமுறை கடந்து வந்திருக்கிறது. அந்த மனிதர் செத்த மாசம் வரவில்லை.

1882ஆம் ஆண்டைப் பற்றி எங்கே எதைப் படித்தாலும் எனக்கு அந்தச் சாய்ப்பு ஞாபகம் வரும். கலைக்களஞ்சியங்களில் அந்த ஆண்டின் பட்டியல் செழிப்பானது. வர்ஜீனியா வுல்ஃப், ஜேம்ஸ் ஜாய்ஸ், ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட், ஸ்ட்ராவின்ஸ்கி, எமி நோதர், ஆர்தர் எடிங்டன், நம் பாரதி எல்லோரும் பிறந்த ஆண்டு. டார்வினும் எமர்சனும் லாங்ஃபெல்லோவும் கரிபால்டியும் இறந்த ஆண்டு. ஜூலை 11இல் ஆங்கிலேயக் கப்பல்கள் அலெக்சாந்திரியா நகரத்தின் மேல் குண்டு பொழிந்தன. எகிப்து அதன்பின் பல பத்தாண்டுகள் அவர்கள் கையில் கிடந்தது. செப்டம்பர் 4இல் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் எடிசனின் மின்நிலையம் ஓடத் தொடங்கியது. அதே செப்டம்பரில் பட்டப்பகலில் சூரியன் பக்கத்திலேயே தெரிகிற அளவு பிரகாசமான வால்மீன் ஒன்று வந்தது. இத்தனைக்கும் நடுவில் என் மனம் போய் நிற்பது பெர்லினில், ஒரு சின்னப் படிப்பறையில், மார்ச் 24 மாலையில்.

நம் கணக்குப்படி அது விஷு வருஷத்துப் பங்குனி. சித்திரபானு பிறக்க மூன்று வாரம்கூட இல்லை. பெர்லின் உடலியங்கியல் கழகத்தின் கூட்டம். பேச வந்தவர் ராபர்ட் கோக், வயது 38, கிராமப்புற வைத்தியராக இருந்து மேலே வந்தவர், பேச்சுத் திறமை இல்லாதவர். இருநூறுக்கும் மேற்பட்ட கண்ணாடித் தகடுகளையும் சோதனைக் குழாய்களையும் நுண்ணோக்கிகளையும் கொண்டுவந்து மேசையில் பரப்பியிருந்தார். ஒரு கணக்கைச் சொல்லித் தொடங்கினார்: சாகிற மனிதர்களில் ஏழில் ஒருவர் காசநோயால் சாகிறார். பாட்டி சொன்ன எலும்புருக்கி அதுதான். பிறகு அந்த ஏழில் ஒருவரைக் கொல்வது எது என்று காட்டினார்.

அந்தக் கிருமியைக் கண்ணுக்குத் தெரியவைப்பதே பெரும்பாடு. அதன் மேலுறை மெழுகுபோன்ற கொழுப்பு. சாயம் உள்ளே இறங்காது. கோக் மெத்திலீன் நீலத்தில் காரம் சேர்த்துத் தகட்டை ஊறவைத்தார். மேலே வெசுவின் என்ற பழுப்புச் சாயத்தை ஊற்றினார். சுற்றியிருந்த எல்லாம் பழுப்பாகிவிட, நீலமாகவே நின்றது கிருமி மட்டும். மெல்லிய, லேசாக வளைந்த குச்சிகள். அடுத்தது அதை வளர்க்கும் பாடு. மற்றக் கிருமிகள் ஓர் இரவில் தகட்டை நிறைத்துவிடும். இது ஒன்று இரண்டாவதற்கு ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்ளும் பிறவி. ஆட்டு, மாட்டு இரத்தத்தின் சீரத்தைச் சூடாக்கி உறையவைத்து, அதன் மேல் தடவி, கதகதப்பில் வைத்தார். முதல் வாரம் ஒன்றும் இல்லை. வேறொருவர் என்றால் தோற்றது என்று வீசியிருப்பார். இரண்டாம் வாரத்தில் கண்ணுக்குப் பொருக்குப் பொருக்காகச் சின்னப் புள்ளிகள் எழுந்தன. அதை எடுத்துக் கினிப்பன்றிகளுக்கு ஊசி போட்டார். அவையும் அதே நோயில் செத்தன. அவற்றின் நுரையீரலில் அதே நீலக் குச்சிகள்.

பேச்சு முடிந்ததும் கைதட்டல் இல்லை, கேள்வி இல்லை. வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நுண்ணோக்கிக்கு அருகே போய்க் குனிந்து பார்த்தார்கள் என்று சொல்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்த பால் எர்லிக் என்ற இளைஞர் தன் விஞ்ஞான வாழ்வின் மிகப் பெரிய அனுபவம் அதுதான் என்று பின்னாளில் நினைவுகூர்ந்தார். கோக்கின் சாயமுறையைச் சில வாரங்களிலேயே அவர் செம்மைப்படுத்தினார். அமிலத்தில் கழுவினாலும் இந்தக் கிருமி ஏற்ற சாயத்தை விடாது என்று கண்டுபிடித்தது அவர்தான். சில ஆண்டு கழித்துத் தன் சளியிலேயே அந்தக் கிருமியைக் கண்டார். எகிப்துக்குப் போய் உடம்பு தேறித் திரும்பினார்.

கோக் பேசிய அதே நாளில் அமெரிக்காவில் கேம்பிரிட்ஜ் ஊரில் கவிஞர் லாங்ஃபெல்லோ இறந்தார். இழவு வீட்டுக்கு எழுத்தாளர் எமர்சன் வந்திருந்தார், 78 வயது, ஞாபகம் கரைந்துவிட்ட நிலை. கிடத்தியிருந்த நண்பரின் முகத்தைப் பார்த்துவிட்டு, அருமையான ஆத்மா இவர், பெயர்தான் மறந்துவிட்டது என்றாராம். இதை வேடிக்கைக் கதைபோலச் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எமர்சனின் முதல் மனைவி எலன் பத்தொன்பது வயதில் 1831இல் காசநோயால் இறந்தாள். பதினான்கு மாதம் கழித்து ஒருநாள் அவர் கல்லறைக்குப் போய்ச் சவப்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார். நாட்குறிப்பில் அதை ஒரே வரியாக எழுதிவைத்தார். அடுத்த ஐந்தாறு ஆண்டில் எட்வர்டு, சார்லஸ் என்ற இரண்டு தம்பிகளும் அதே நோயில் போனார்கள். அவருக்கே இளமையில் நெஞ்சு பலவீனம் கண்டு குளிர் தாங்காமல் தெற்கே போயிருக்கிறார். தன் வீட்டை வாரிக்கொண்டு போனது ஒரு கிருமி என்று மனிதன் அறிந்துகொண்ட மாதத்தில் அவருக்கு அறிகிற சக்தி இல்லை. ஏப்ரல் 27இல் அவரும் போனார்.

டார்வின் போனது ஏப்ரல் 19. சித்திரபானு பிறந்து ஒரு வாரம்போல. அவருடைய செல்ல மகள் ஆனி 1851இல் பத்து வயதில் மால்வர்ன் என்ற ஊரில் இறந்தாள். காசநோய்தான் என்று இன்று பலரும் கருதுகிறார்கள். டார்வினின் மனைவி எம்மா அவருக்கு மாமன் மகள். நெருங்கிய உறவில் மணந்ததால் தன் உடம்பின் பலவீனம் பிள்ளைகளுக்கு இறங்கிவிட்டதோ என்ற பயம் அவரைக் கடைசிவரை விடவில்லை. அக்காலத்து வைத்தியர்களில் பலர் காசநோயைக் குடும்ப நோய் என்றே நம்பினார்கள். ஒரே வீட்டில் வரிசையாகச் சாகிறார்களே, வேறு என்ன சொல்ல முடியும்? இரத்தத்தில் வருகிறது, இருமல் வழியே வரவில்லை என்று நினைத்த உலகத்தில், பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பனுக்குத் துக்கத்தோடு குற்றவுணர்வும் சேர்ந்து வந்தது. கோக்கின் கட்டுரை ஜெர்மன் மருத்துவ இதழில் ஏப்ரல் 10இல் அச்சானது. ஜான் டிண்டால் அதன் சாரத்தை எழுதிய கடிதம் லண்டன் டைம்ஸில் வந்தது ஏப்ரல் 22. டார்வின் இறந்து மூன்றாம் நாள். ஆனி இறந்த ஏப்ரல் 23க்கு முந்தின நாள். இந்தத் தேதிகளை அருகருகே வைத்துப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது. இன்னும் ஒரு வாரம் அந்தக் கிழவர் இருந்திருக்கக் கூடாதா என்று படுகிறது.

அந்த ஆண்டு டிசம்பரில், சிசிலித் தீவின் மெசினாவில், இலியா மெச்னிக்கோவ் என்ற ரஷ்யர் வீட்டில் தனியாக இருந்தார். வீட்டார் சர்க்கஸ் பார்க்கப் போயிருந்தார்கள். கண்ணாடிபோலத் தெளிந்த நட்சத்திரமீன் குஞ்சுகளை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, அதற்குள் அலையும் செல்கள் உடம்பின் காவல்காரர்களாக இருக்கலாமே என்று தோன்றியது. தோட்டத்துக்குப் போய் முள் ஒடித்துவந்து ஒரு குஞ்சின் உடம்பில் குத்தினார். அன்று இரவு தூக்கம் இல்லை. விடிந்ததும் பார்த்தால் முள்ளைச் சுற்றி அந்தச் செல்கள் மொய்த்திருந்தன. அந்நியமான ஒன்றை விழுங்க வரும் செல்களை மனிதன் முதலில் அடையாளம் கண்டுகொண்டது அப்படித்தான். மெச்னிக்கோவின் முதல் மனைவி லுட்மிலா காசநோய்க்காரி. கல்யாணத்தன்று கோயிலுக்கு நடக்க முடியாமல் நாற்காலியில் தூக்கிக்கொண்டு போனார்கள். நாலு ஆண்டில், 1873இல், மடெய்ராத் தீவில் இறந்துபோனாள். அவர் அளவுக்கு மீறி மார்ஃபின் குடித்துத் தானும் சாகப் பார்த்தார்.

நோயையும் காவலையும் பன்னிரண்டு மாதத்துக்குள் மனிதக் கண் பார்த்துவிட்டது. ஆனால் காசநோய்க் கிருமியின் கொடுமையே, தன்னை விழுங்க வரும் அந்தக் காவல் செல்லுக்குள்ளேயே அது குடியேறிக்கொள்வதுதான். பல ஆண்டு அங்கே சத்தமில்லாமல் கிடக்கும். உடம்பு தளரும் நாளில் எழும்.

பார்த்ததும் குணப்படுத்திவிடலாம் என்று எல்லோரும் நம்பினார்கள். கோக்கே நம்பினார். 1890இல் மருந்து கண்டுவிட்டேன் என்று டியூபர்குலின் என்ற திரவத்தை அறிவித்தார். அதில் என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை. ஐரோப்பா முழுவதிலும் இருந்து நோயாளிகள் பெர்லினுக்கு ரயிலேறினார்கள். மருத்துவரும் கதாசிரியருமான கோனன் டாய்லும் போய்ப் பார்த்துவிட்டு, இதை நம்பிவிடாதீர்கள் என்று எழுதினார். மருந்து பலிக்கவில்லை, சிலரைக் கொன்றது. எட்டு ஆண்டுக்கு முன் ஒவ்வொரு படியையும் திறந்துகாட்டிய மனிதர் இந்த முறை குப்பியை மூடிவைத்துக்கொண்டார். அவர்மேல் எனக்கு மரியாதை குறையவில்லை. ஆனால் பெர்லின் விடுதிகளில் காத்துக்கிடந்தவர்களை நினைக்காமல் அந்த மரியாதையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சித்திரபானுவில் பிறந்தவர்கள் இந்த இடைவெளியில்தான் வாழ்ந்தார்கள். நோயின் முகம் தெரியும், மருந்து தெரியாது. ஜூன் 17இல் ரஷ்யாவில் பிறந்தார் ஸ்ட்ராவின்ஸ்கி. அவர்கள் நாட்டுப் பழைய நாட்காட்டியில் அது ஜூன் 5. அவர் தன் ஒன்றுவிட்ட உறவுக்காரப் பெண்ணான காத்யாவை மணந்தார். 1938 நவம்பரில் மூத்த மகள் லுட்மிலா காசநோயால் இறந்தாள். 1939 மார்ச்சில் காத்யா. பிறகு அவருக்கே நோய் கண்டு, பிரான்சின் மலைப்பகுதியில் சான்செல்மோஸ் சானடோரியத்தில் மாதக்கணக்கில் கிடந்தார். ஒரு சிம்ஃபொனியின் பகுதியை அங்கேதான் எழுதினார். கோக் காட்டி ஐம்பத்தேழு ஆண்டு ஆகியும், உலகம் அறிந்த ஓர் இசைக்காரரின் குடும்பத்துக்கு வைத்தியர்கள் தர முடிந்தது மலைக்காற்றும் படுக்கையும்தான்.

அக்டோபர் 5இல் அமெரிக்காவில் பிறந்த ராபர்ட் காடர்ட் கதை வேறு விதமாகப் போனது. அவர் அம்மாவுக்கும் இந்த நோய் இருந்தது. 1913இல் அவருக்குக் கண்டபோது இன்னும் இரண்டு வாரம்தான் என்று வைத்தியர்கள் கைவிட்டார்கள். பிழைத்தார், எப்படி என்று யாராலும் சொல்ல முடியாமல். உடம்பு தேறிவந்த 1914இல் ராக்கெட்டுக்கான இரண்டு காப்புரிமைகளைப் பெற்றார். 1926இல் திரவ எரிபொருளில் எழும்பிய முதல் ராக்கெட் அவருடையது. அந்த இரண்டு வாரக் கெடு பலித்திருந்தால் பட்டியலில் அவர் பெயரும் இருந்திருக்காது. இருபத்தாறு வயதில் சாய்ப்பில் போனவருக்குள் என்ன இருந்தது என்று கேட்க எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 11இல் எட்டயபுரத்தில் பாரதி. சித்திரபானு கார்த்திகை 27, மூலம். அதே நாள் பிரெஸ்லாவ் நகரத்தில் மாக்ஸ் போர்ன், பின்னாளில் குவாண்டம் இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்றவர். கோக்கின் பிறந்தநாளும் டிசம்பர் 11தான். அன்று அவருக்கு வயது 39 நிறைந்தது. இதில் சோதிடம் எதையும் நான் தேடவில்லை. என்னைப் பிடித்து நிறுத்துவது வேறு. போர்னுக்குத் தாய் போனது நாலு வயதில்; பாரதிக்கு ஐந்து வயதில். பாரதியின் தகப்பனார் பருத்தி ஆலைத் தொழிலில் நொடித்து 1898இல் இறந்தார். போர்னின் தகப்பனார் 1900இல். இரண்டு பிள்ளைகளும் மீசை முளைக்கும் வயதில் அநாதைகள். ஒருவர் 1935இல் சி.வி. இராமன் அழைக்கப் பெங்களூருக்கு வந்து சில மாதம் தங்கினார், 87 வயதுவரை இருந்தார். மற்றவர் அதற்குப் பதினான்கு ஆண்டு முன்பே, 38 வயதில், திருவல்லிக்கேணியில் கண்ணை மூடிவிட்டார். பெர்லினில் அந்த மாலை கோக் பேச எழுந்தபோது இருந்த வயது அது.

சித்திரபானு ஒரு முழுச் சுற்றுச் சுற்றி 1942 சித்திரையில் திரும்பி வந்தது. அந்தச் சித்திரையிலேயே, ஏப்ரல் 28இல், உ.வே.சா. மறைந்தார். ஆகஸ்டில் 'வெள்ளையனே வெளியேறு'. வருஷம் முடிந்து சுபானு பிறந்தது. காசநோய்க்கு மருந்து இன்னும் இல்லை. அந்தச் சுபானுவில்தான், 1943 அக்டோபரில், அமெரிக்காவின் ரட்கர்ஸில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற ஆராய்ச்சி மாணவர் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். அறுபது ஆண்டு முடிந்து அதன்மேல் ஒன்றரை ஆண்டு. 1943 தையில் பிறந்த என் பெரியப்பாவுக்கு அப்போது ஒன்பது மாசம். தவழ்ந்துகொண்டிருந்திருப்பார்.

மருந்து இருப்பதும் மருந்து கிடைப்பதும் ஒன்றாகிவிடாது. 1948இல் திருவனந்தபுரத்தில் புதுமைப்பித்தன் இந்த நோயில்தான் போனார். தனி மருந்தைக் கொடுத்தால் கிருமி சீக்கிரமே அதற்குப் பழகிவிடும், சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்று உலகம் கற்றுக்கொள்ளவே சில ஆண்டு பிடித்தது. பிறகு இடத்தின் கேள்வி. தாம்பரத்தில் டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928இல் கட்டிய ஆஸ்பத்திரியின் பெயர் இன்றும் மின்சார ரயில் நிலையத்தின் பெயராக நிற்கிறது: சானடோரியம். அதில் ஏறி இறங்கும் எத்தனை பேருக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியுமோ. ஆனால் இந்தியாவில் இருந்த நோயாளிகளுக்கு அத்தனை கட்டில்களை எந்த அரசாலும் போட முடியாது.

1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம் அந்தக் கேள்வியை நேராகக் கேட்டது. சென்னையின் ஏழை நோயாளிகளில் பாதிப்பேரைச் சானடோரியத்தில் வைத்து ஓய்வும் நல்ல சாப்பாடும் கொடுத்தார்கள். பாதிப்பேர் தங்கள் நெருக்கடியான வீட்டிலேயே, கிடைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு, வேலைக்கும் போய்க்கொண்டு, அதே மாத்திரையை ஓர் ஆண்டு தின்றார்கள். 1959இல் முடிவு வந்தது. இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள். வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு நோய் அதிகம் ஒட்டவும் இல்லை. மலைக்காற்றும் பாலும் முட்டையும் இல்லாமல் மாத்திரை போதும் என்று உலகத்துக்குச் சொன்னவர்கள் சென்னைக் குடிசைவாசிகள். அந்தப் பேப்பரில் அவர்கள் எண்களாக மட்டும் இருக்கிறார்கள். ஐரோப்பாவின் சானடோரியங்கள் காலியானதில் அவர்களுக்கும் பங்கு உண்டு. தாம்பரத்தில் ரயில் நிற்கும்போது அவர்களைத்தான் நினைத்துக்கொள்வேன்.

சித்திரபானு மூன்றாம் முறை வந்தது 2002இல். பெரியப்பாவுக்கு அந்தத் தையில் அறுபதாம் கல்யாணம் வைக்க வேண்டும். ஆனி மாசம் இருமல் பிடித்தது. மூன்று வாரம் ஆகியும் நிற்கவில்லை, சாயங்காலமானால் காய்ச்சல், சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. சளி பரிசோதனைக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். லேப்காரர் இளைஞர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பாக்கிறீங்களா?" என்று நுண்ணோக்கியிலிருந்து நகர்ந்துகொண்டார். நீலப் பரப்பு. அதில் அங்கங்கே மருதாணி நிறத்தில் மெல்லிய குச்சிகள், சில தனியாக, சில சாய்ந்து ஒன்றின்மேல் ஒன்று. இப்போதைய சாயமுறையில் கிருமி சிவப்பு, மற்றதெல்லாம் நீலம். வெகுநேரம் குனிந்தே நின்றிருக்கிறேன். வெளியே பெஞ்சில் பெரியப்பா இருமுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அவர் பெயர் எழுதிய சிவப்புப் பெட்டி ஒன்று வந்தது. ஆறு மாத மருந்தும் அதில். வாரத்துக்கு மூன்று நாள், சுகாதார ஊழியர் கண் முன்னால் விழுங்க வேண்டும். மூத்திரம் செம்மஞ்சளாகப் போகிறதே என்று முதல் நாள் பயந்தவரிடம், "மாத்திர வேல செய்யுதுன்னு அர்த்தம், ஐயா" என்று அந்த அம்மா சொன்னார். பெரியம்மா யாருக்கும் தெரியாமல் ஒரு தனித் தம்ளர் எடுத்துவைத்திருந்தாள். பெரியப்பா அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மார்கழி கடைசியில் பெட்டி காலியாயிற்று. சளியில் கிருமி இல்லை. தையில் மாலை மாற்றிக்கொண்டார்கள். உலகத்தில் 2023இல் மட்டும் இந்த நோயால் 12.5 லட்சம் பேர் செத்திருக்கிறார்கள். மருந்து வந்து எண்பது ஆண்டு ஆன பிறகு.

கல்யாணத்துக்காக ஜாதக நோட்டை எடுத்தபோது பெரியப்பா முன்பக்கத்தைப் புரட்டினார். தன் வருஷப் பெயரையே இன்னொரு கையெழுத்தில் பார்த்துவிட்டு, "இவருக்கு யாரு தண்ணி விடுதா?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. அந்தத் தை அமாவாசைக்கு, 2003 பிப்ரவரி 1, விடியற்காலை நாங்கள் தாமிரபரணிக்குப் போனோம். பனி விலகவில்லை. வழக்கமாகச் சொல்லும் பெயர்களைச் சொல்லி முடித்த பிறகு, பெரியப்பா இடுப்பளவு தண்ணீரில் நின்று, நோட்டில் படித்த அந்தப் பெயரையும் சொல்லி, இன்னொரு கை எள்ளும் தண்ணீரும் விட்டார்.